பழைய இரும்பும் மாற்றியமைத்த கிட்டாரும்: சோதனை இசைக்கு ஒரு செய்முறை

ஒரு சாதாரணக் கிட்டாரையும் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் சில உலோகத் துண்டுகளையும் கொண்டு, ஒருவர் தனியாகவோ இருவர் சேர்ந்தோ வாசிக்கக்கூடிய சிறிய சோதனை இசைப் படைப்பை உருவாக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். இதற்கு இசைப் பயிற்சி கட்டாயமில்லை. பொறுமையாகக் கேட்கும் பழக்கமும், ஸ்பேனரையும் அரத்தையும் கையாளத் தெரிந்த கையும் இருந்தால் போதும்.

இந்த முயற்சிக்கு எனக்கு முன்மாதிரியாக இருப்பவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சிற்பி ழான் டிங்கெலி (1925–1991). வீசியெறியப்பட்ட சக்கரங்கள், கம்பிகள், மோட்டார்கள் ஆகியவற்றால் அவர் அசையும் சிற்பங்களைச் செய்தார். 1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் அவர் இயக்கிய ‘நியூயார்க்குக்கு வணக்கம்’ என்ற இயந்திரம், தன்னுள் பொருத்தப்பட்ட பழைய பியானோ ஒன்றைத் தானே வாசித்தபடி, தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. 27 நிமிடங்கள் இயங்கிய பிறகு தீயணைப்பு வீரர் ஒருவர் அதை நிறுத்தினார். பின்னர் 1978 முதல் 1985 வரை ‘மெட்டா-ஹார்மனி’ என்ற பெயரில் நான்கு பெரும் இயந்திரங்களை அவர் செய்தார். அவற்றில் நான்காவதான ‘ஃபாட்டாமோர்கானா’, 1996இல் பாசல் நகரில் திறக்கப்பட்ட அவருடைய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தம் இயந்திரங்கள் இசையமைப்பதில்லை, ஒலிகளைக் கலக்கின்றன என்பதே அவருடைய நிலைப்பாடு.

டிங்கெலியின் சக்கரங்கள் துல்லியமாகப் பொருந்தியவை அல்ல. பட்டைகள் வழுக்கும், பற்கள் தவறிக் கடிக்கும், தண்டுகள் ஆடும்; அதனால் ஒரு சுற்றில் எழுந்த ஓசை அடுத்த சுற்றில் அப்படியே திரும்புவதில்லை. துண்டோடு துண்டு சேரும் இடம் எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்பதுதான் அவருடைய ஒலியைத் தீர்மானித்தது. இந்தச் செய்முறை முழுவதும் நான் வலியுறுத்தப்போவதும் இதையே: எந்த இரும்பு என்பதில் செலுத்தும் கவனத்தைப்போல இரு மடங்கு கவனத்தை, அந்த இரும்பு எதனோடு எப்படித் தொடுகிறது என்பதில் செலுத்த வேண்டும். சிற்பி துண்டுகளைப் பற்றவைத்து (வெல்டிங் செய்து) முடிக்கிறார். இசைக்கு அந்தப் பற்றவைப்பே பெரும்பாலும் பகையாகிறது. எல்லாப் பக்கமும் இறுக்கப்பட்ட துண்டால் அதிர முடியாது.

பழைய இரும்பும் மாற்றியமைத்த கருவியும் இசையில் சந்தித்த வரலாறு இன்னும் பழையது. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1939இல் எழுதிய ‘முதல் கட்டமைப்பு (உலோகத்தில்)’ என்ற படைப்பில் மோட்டார் வண்டிகளின் பிரேக் டிரம்கள், கொல்லர்கள் இரும்படிக்கும் பட்டடைகள், இடியோசை எழுப்பும் தகடுகள் ஆகியவற்றோடு பியானோ ஒன்றும் சேர்கிறது. அந்தப் பியானோவின் தந்திகள்மேல் உதவியாளர் ஓர் உலோகத் துண்டை வைத்து நகர்த்துகிறார். அடுத்த ஆண்டு, சியாட்டல் நகரில் சிவில்லா ஃபோர்ட் என்ற நடனக் கலைஞருக்கு இசை எழுத நேர்ந்தபோது, அரங்கில் தாளக் கருவிகளை நிறுத்த இடமில்லாமல் பியானோ மட்டுமே இருந்தது. அதன் தந்திகளுக்கிடையே போல்ட்டுகளையும் திருகாணிகளையும் செருகி, ஒரே பியானோவை ஒரு தாளவாத்தியக் குழுவாக்கினார். தந்தியின் ஒலியை அயற்பொருள் கொண்டு மாற்றும் எண்ணம் நமக்கும் புதிதன்று. தம்புராவின் குதிரைமேல் (தந்திகளைத் தாங்கும் பாலத்தின்மேல்) தந்திக்கு அடியில் ஜீவாளி நூலை வைத்து நகர்த்தி, ரீங்காரம் திறக்கும் இடத்தைத் தேடும் பொறுமைதான் இங்கும் தேவைப்படுகிறது.

இரும்பைத் தேர்ந்தெடுத்தல்

கடைக்குப் போகும்போது ஒரு சிறிய மரச்சுத்தியல் அல்லது தடிமனான மரக்கரண்டி, இரண்டு நூல் துண்டுகள், கையுறைகள், ஓர் அளவு நாடா ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். துண்டின் தோற்றத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒவ்வொன்றையும் நூலில் தொங்கவிட்டு, மரத்தால் மெல்லத் தட்டி, ஒலி முழுவதுமாக அடங்கும் வரை கேளுங்கள்.

குழாய், பட்டை, தண்டு போன்ற நீண்ட துண்டுகளை எங்கே பிடிக்கிறோம் என்பது முக்கியம். இரு முனைகளும் கட்டற்ற ஒரு தண்டு தன் அடிப்படை ஒலியை எழுப்பும்போது, ஒவ்வொரு முனையிலிருந்தும் மொத்த நீளத்தில் 22.4 சதவீதத் தொலைவில் இரண்டு புள்ளிகள் அசையாமல் நிற்கின்றன. 300 மில்லிமீட்டர் குழாயில் அது முனையிலிருந்து ஏறத்தாழ 67 மில்லிமீட்டர். அந்தப் புள்ளிகளில் நூலைக் கட்டினால் குழாய் நீண்ட நேரம் ஒலிக்கும். நடுவில் பிடித்தால் ‘டக்’ என்று செத்துப்போகும். இதே குழாயைப் பாதியாக அறுத்தால் ஒலி ஒரு ஸ்தாயி அல்ல, இரண்டு ஸ்தாயி உயரும். ஏனெனில் தண்டின் அதிர்வெண் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. ஒரு ஸ்தாயி மட்டும் உயர வேண்டுமானால் நீளத்தை ஏறத்தாழ 71 சதவீதமாகக் குறைத்தால் போதும். எனவே அறுப்பதற்கு முன் கணக்கிடுங்கள். கொஞ்சம் நீளமாகவே அறுத்து, பிறகு அரத்தால் முனையைத் தேய்த்து ஒலியை உயர்த்துங்கள்.

வார்ப்பிரும்பு பிரேக் டிரம், கிடைத்தால் தவறவிடக் கூடாத பொருள். அதன் விளிம்பைத் தட்டினால் தெளிவான, மணிக்கு நெருங்கிய ஒலி எழும். ஆனால் அதைத் தரைமேல் நேரடியாக வைக்காமல், மூன்று சிறிய பஞ்சுத் துண்டுகள்மேல் வைக்க வேண்டும். பழைய பிரேக் பகுதிகளில் ஒட்டியிருக்கும் தூசியில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு. அதை ஊதவோ உலர்ந்த துணியால் தட்டவோ கூடாது, முகமூடி அணிந்து ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை மூடிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். லேசான துரு ஒலியைக் கெடுப்பதில்லை. செதில் செதிலாக உரியும் துரு அதிர்வை விழுங்கிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் மீளாத துண்டை விட்டுவிடுங்கள்.

எரிவாயு உருளைகள், குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர்கள், மின்கலங்கள், மூடிய ரசாயன டிரம்கள் ஆகியவற்றை எந்த நிலையிலும் அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். காலி என்று எழுதி ஒட்டியிருந்தாலும் இது பொருந்தும். துத்தநாகம் பூசிய தகட்டைச் சூடாக்கினால் நச்சுப் புகை எழும்; நம் வேலையில் பெரும்பாலும் சூடு தேவையில்லை என்பதால் இதைத் தவிர்ப்பது எளிது.

இவை தவிர, தந்திகளில் பொருத்துவதற்குச் சிறிய பொருள்கள் வேண்டும்: பல அளவு போல்ட்டுகள், நட்டுகள், வாஷர்கள், கடிகாரச் சுருள்கள், சைக்கிள் சக்கரக் கம்பிகள், ஹேக்ஸா பிளேடின் உடைந்த துண்டுகள், மின் வேலைக்குப் பயன்படும் பல் கிளிப்புகள், ரப்பர் குழாய்த் துண்டுகள்.

கிட்டாரை மாற்றியமைத்தல்

எஃகுத் தந்திகள் பூட்டிய, இனி வழக்கமான வாசிப்புக்குத் தேவைப்படாத கிட்டார் ஒன்றை மேசைமேல் மல்லாத்தி வையுங்கள். அடியில் மடித்த போர்வை இருக்கட்டும். மேசைமேல் கிட்டாரைப் படுக்கவைத்து வாசிக்கும் முறையை, 1965இல் லண்டனில் தொடங்கிய ‘ஏ.எம்.எம்.’ குழுவைச் சேர்ந்த கீத் ரோ நிலைநிறுத்தினார். அப்படி வைக்கும்போது கிட்டார் கையில் ஏந்தும் வாத்தியம் என்ற நிலையிலிருந்து, பொருள்களை அடுக்கி வைக்கக்கூடிய தளமாக மாறுகிறது. இரு கைகளும் விடுதலை பெறுகின்றன.

இத்தகைய கிட்டாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையைத் தாங்கி நிற்கின்றன. எனவே எதையும் செருகுவதற்கு முன் எல்லாத் தந்திகளையும் ஒரு முழுச் சுரம் அளவுக்காவது தளர்த்துங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், அறுந்து தெறிக்கும் தந்தி கண்ணைத்தான் முதலில் தேடும்.

அடுத்து தந்தியின் நீளத்தை அளவிடுங்கள். கழுத்தின் மேல் முனையில் தந்தி தங்கும் வெண்பட்டையிலிருந்து குதிரை வரை, பல கிட்டார்களில் இது 648 மில்லிமீட்டர் இருக்கும். தட்டிய தந்தி முழு நீளமாகவும், இரண்டு, மூன்று, நான்கு சம பகுதிகளாகவும் ஒரே சமயத்தில் அதிர்கிறது. அந்தப் பகுதிகள் பிரியும் அசையாப் புள்ளிகளைக் கணுக்கள் என்கிறோம். குதிரையிலிருந்து 324, 216, 162, 130 மில்லிமீட்டர் தொலைவுகளில் முறையே இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பகுதி அதிர்வுகளின் கணுக்கள் அமைகின்றன. அந்த இடங்களைத் தந்திகளுக்கு அடியிலுள்ள மரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிகள் இல்லாமல் செய்யும் மாற்றம் தற்செயலாக அழகாக அமையலாம். ஆனால் மறுநாள் அதை மீட்க முடியாது.

இப்போது பல் கிளிப் ஒன்றை நான்காம் தந்தியில் 324 மில்லிமீட்டரில், அதாவது சரி நடுவில், கடிக்க வையுங்கள். கிளிப்பின் எடை, அது அமரும் இடத்தில் எந்த அதிர்வு பெரிதாக இருக்கிறதோ அதை மந்தமாக்குகிறது; எந்த அதிர்வுக்கு அந்த இடம் கணுவாக இருக்கிறதோ அதைத் தொடுவதில்லை. எனவே இரண்டு, நான்கு பகுதி அதிர்வுகள் தம் இடத்திலேயே நிற்க, முழு நீள அதிர்வும் மூன்று பகுதி அதிர்வும் கீழிறங்கும். ஒன்றோடொன்று ஒழுங்காகப் பொருந்தியிருந்த ஒலிகள் இவ்வாறு விலகும்போது, காது அதைத் தந்தியின் ஒலியாக ஏற்காமல் சேகண்டியின் ஒலியாகக் கேட்கிறது. கிளிப்பை 216க்கு நகர்த்தினால் விலகல் வேறு விதமாக அமையும். கணுவிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் கரகரப்பு கூடும். கனமான கிளிப்பு, லேசான கிளிப்பு, ஒரே தந்தியில் இரண்டு கிளிப்புகள் என்று மாற்றி மாற்றிக் கேட்டு, ஒவ்வொரு தந்திக்கும் உகந்த ஓரிடத்தைக் கண்டறிவதற்கு ஒரு மாலைப் பொழுதை முழுவதுமாக ஒதுக்குங்கள். இந்தச் செய்முறையில் அவசரப்படவே கூடாத கட்டம் இதுதான்.

போல்ட் வேறு விதமாக வேலை செய்கிறது. அதை இரு தந்திகளுக்கிடையே, ஒன்றின் மேலும் மற்றொன்றின் கீழும் செல்லுமாறு செருகினால், அது இரண்டையும் இணைத்துவிடும்; ஒன்றைத் தட்டினால் மற்றதும் பேசும். போல்ட்டின் தலைப்பக்கம் ஒரு வாஷரைத் தளர்வாக மாட்டிவிடுங்கள். மெல்லத் தட்டும்போது வாஷர் அசையாது. ஓர் அளவுக்கு மேல் வலுவாகத் தட்டினால் மட்டும் அது துள்ளிச் சிலம்பும். வாசிப்பவரின் கைவலுவுக்கு ஏற்பத் தானே திறந்து தானே மூடும் இந்த ஒலி, தளர்வான இணைப்பின் மதிப்பை வேறு எதையும்விடத் தெளிவாகக் காட்டும். நட்டைப் போட்டு வாஷரை இறுக்கினால் அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

கழுத்தின் குறுக்கே, எல்லாத் தந்திகளுக்கும் அடியில், ஒரு சைக்கிள் சக்கரக் கம்பியையோ ஸ்குரூடிரைவரையோ செருகினால் தந்திகள் இரண்டாகப் பிரியும். இரு பக்கமும் வாசிக்கலாம். அதைச் சரியாகக் கணுவில் வைத்தால் ஒரு பக்கத்தின் ஒலி மறு பக்கத்தில் வலுவாக எதிரொலிக்கும். ஐந்தாம், ஆறாம் தந்திகளில் குதிரைக்கு அருகே ரப்பர் துண்டைச் செருகுங்கள். ரப்பர் உயர்ந்த ஒலிகளை முதலில் அடக்குவதால் மிஞ்சுவது கனத்த, குறுகிய தட்டொலி. எல்லாத் தந்திகளையும் மாற்றிவிட வேண்டாம். ஒரு தந்தியையாவது அப்படியே விட்டுவிட்டால், மற்றவை எவ்வளவு தூரம் விலகிவந்திருக்கின்றன என்பதைக் கேட்பவர் உணர்வார்.

இரும்பையும் கிட்டாரையும் இணைத்தல்

மேசைக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகட்டைத் தொங்கவிடுங்கள். கிட்டாரின் தந்தி ஒன்றிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பியை இழுத்து அந்தத் தகட்டின் நடுவில் கட்டினால், தந்தியின் அதிர்வு கம்பி வழியே தகட்டுக்குச் சென்று, தகடு தன் குரலில் அதைத் திருப்பிச் சொல்லும். கம்பி விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் வளைக்கும் அளவுக்கு இருக்கக் கூடாது. பிரெஞ்சுச் சகோதரர்கள் பெர்னார், பிரான்சுவா பாஷே ஆகியோர் 1952இல் உருவாக்கிய ‘கிறிஸ்டல் பாஷே’ என்ற கருவியில், ஈர விரல்களால் தேய்க்கப்படும் கண்ணாடித் தண்டுகளின் அதிர்வு உலோகத் தண்டுகள் வழியாகப் பெரிய கூம்புகளுக்கும் தகடுகளுக்கும் சென்று, மின்சாரம் இல்லாமலேயே அரங்கை நிரப்புகிறது. பின்னாலுள்ள கொள்கை ஒன்றுதான்.

பற்றவைப்புக்கு ஏற்ற ஓர் இடமும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஹாரி பெர்ட்டோயா (1915–1978), நிமிர்ந்த உலோகத் தண்டுகளின் ஒரு முனையை மட்டும் அடித்தகட்டில் நிலைநிறுத்தி, மறு முனையைக் காற்றில் விட்டு, ஒன்றோடொன்று உரசி ஒலிக்கும் சிற்பங்களைச் செய்தார். ஒரு முனை உறுதி, மறு முனை விடுதலை என்பதே அவற்றின் உயிர். வெல்டிங் பட்டறை அருகில் இருந்தால், சைக்கிள் சக்கரக் கம்பிகளை வெவ்வேறு நீளங்களில் ஒரு கனத்த தகட்டில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள்.

ஒலியைப் பிடிப்பதற்கு, அதிர்வை மின்குறிகையாக மாற்றும் 27 மில்லிமீட்டர் பீசோ தகடுகள் போதும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். பித்தளைப் பகுதியில் ஒரு கம்பியையும் நடுவெண்பூச்சில் மற்றொரு கம்பியையும் சால்டர் செய்யுங்கள். வெண்பூச்சில் சால்டரிங் கருவியின் சூடான முனை ஓரிரு வினாடிகளுக்கு மேல் தங்கினால் பூச்சு உரிந்துவிடும். பீசோ காற்றிலுள்ள ஒலியைக் கேட்பதில்லை, தான் ஒட்டியிருக்கும் பொருளின் அதிர்வையே கேட்கிறது. ஆகையால் இங்கும் இணைப்பே எல்லாம். கிட்டாரின் உடலில் ஒன்று, தகட்டின் ஓரத்தில் ஒன்று என இருபக்க ஒட்டுநாடாவால் அழுத்தி ஒட்டுங்கள்.

பீசோவை நேராக மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகினால் ஒலி மெலிந்து தகர ஓசையாகும். இதற்குக் காரணம் உண்டு. பீசோவின் மின்தேக்குதிறன் 20 நானோஃபாரட் என்றும் உள்ளீட்டின் மின்மறுப்பு 10 கிலோ ஓம் என்றும் கொண்டால், ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகள் தேய்ந்துவிடும். 1 மெகா ஓம் உள்ள கிட்டார் ஆம்பிளிபயரில் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது, அதாவது கேட்கக்கூடிய எதுவும் இழக்கப்படுவதில்லை. ஆகவே கிட்டார் ஆம்பிளிபயரையோ உயர் மின்மறுப்பு உள்ள டி.ஐ. பெட்டியையோ (கருவியை மிக்சரோடு பொருத்தும் இடைப்பெட்டி) பயன்படுத்துங்கள். ஒலியளவை அடிமட்டத்திலிருந்து தொடங்குங்கள். தட்டும்போது பீசோ எழுப்பும் மின்னழுத்தம் எதிர்பாராத அளவுக்கு உயரும். பிரேக் டிரம்மை அடிக்கும் ஒத்திகையில் காதடைப்பான் அவசியம்.

மோட்டார் சேர்த்தல்

டிங்கெலியின் வழியில் கைபடாத ஓர் ஒலி வேண்டுமானால், மின்கலத்தில் ஓடும் 12 வோல்ட் கியர் மோட்டார்கள் இரண்டை வாங்குங்கள். ஒன்று நிமிடத்துக்கு 30 சுற்றும் மற்றது 32 சுற்றும் ஓடட்டும். ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு தோல்பட்டையைக் கட்டி, ஒன்று தந்தியையும் மற்றது இரும்புக் குழாயையும் தொட்டுச் செல்லுமாறு நிறுத்துங்கள். இரண்டு தட்டல்களும் ஏறத்தாழ 30 வினாடிகளுக்கு ஒருமுறை சந்தித்து மீண்டும் பிரியும். ஆனால் தோல் தேய்வதாலும் மின்கலம் தளர்வதாலும் அந்தச் சந்திப்பு நழுவிக்கொண்டே இருக்கும். அதைத் திருத்த வேண்டாம். வீட்டு மின்சாரத்தில் ஓடும் மோட்டாரை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். தந்திகளும் தகடுகளும் கம்பிகளால் இணைந்திருக்கும் அமைப்பில் ஒரு கசிவு உயிருக்கே ஆபத்தாகும்.

படைப்பாக அமைத்தல்

பொருள்கள் சேர்ந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிடும் ஆசை எழும். அதற்கு இடம் கொடுத்தால் கேட்பவருக்குக் கடைசியில் எதுவும் தனித்துக் கேட்காது. பழைய இரும்புச் சிற்பம் ஒன்றைச் சுற்றி நடந்து பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்: ஒவ்வொரு அடியிலும் சில துண்டுகள் முன்வருகின்றன, சில மறைகின்றன, துண்டுகளுக்கிடையே உள்ள வெற்றிடம் உருவம் மாறுகிறது. நடையின் ஒவ்வொரு நிறுத்தத்தையும் ஒரு பகுதியாகக் கொண்டு, அங்கே கண்ணுக்குத் தெரிந்த துண்டுகளுக்கு நிகரான ஒலிகளை மட்டும் வாசியுங்கள்; வெற்றிடத்துக்கு மௌனத்தைக் கொடுங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஏர்ல் பிரவுன் 1960களில் எழுதிய ‘கால்டர் பீஸ்’ என்ற படைப்பில், அலெக்சாண்டர் கால்டரின் தொங்கும் சிற்பம் ஒன்றே நான்கு தாளக் கலைஞர்களை வழிநடத்துகிறது. அதன் தகடுகள் நிற்கும் நிலையைப் பார்த்து அவர்கள் வாசிக்கிறார்கள்.

கால அளவை முன்கூட்டியே தீர்மானிப்பது மிகவும் உதவும். மேலே சொன்ன கேஜின் 1939ஆம் ஆண்டுப் படைப்பு 16 தாள அளவுகள் (பார்) கொண்ட 16 அலகுகளால் ஆனது. அந்த அலகுகள் 4, 3, 2, 3, 4 என்று தொகுக்கப்பட்டுள்ளன. சுரங்களை நம்ப முடியாத கருவிகளுக்குக் காலமே முதுகெலும்பு என்பதை அவர் உணர்ந்திருந்தார். நீங்களும் எட்டு நிமிடங்களை இதே விகிதத்தில் பிரித்தால், பகுதிகள் முறையே 120, 90, 60, 90, 120 வினாடிகளாக அமையும். நடுவிலுள்ள 60 வினாடிகளில் மோட்டார்கள் மட்டும் ஓடட்டும். முதல் பகுதியில் மாற்றப்படாத தந்தியும் ஒரே ஒரு குழாயும் போதும்.

குறிப்பெழுதும்போது சுரங்களைவிட ஆயத்த அட்டவணையே முதன்மையானது. கேஜ் 1946 முதல் 1948 வரை எழுதிய ‘சொனாட்டாக்களும் இடையிசைகளும்’ என்ற படைப்பில், 45 சுரங்களுக்கு எந்தப் பொருளை எந்தத் தொலைவில் செருக வேண்டும் என்ற அட்டவணை முன்பக்கத்தில் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் தந்தியின் எண், பொருள், அதன் எடை அல்லது அளவு, குதிரையிலிருந்து மில்லிமீட்டரில் தொலைவு, இணைப்பு தளர்வா இறுக்கமா என்ற குறிப்பு ஆகியவை இருக்கட்டும். மேலிருந்து எடுத்த ஒளிப்படம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். வேறொருவர் உங்கள் படைப்பை வாசிக்க விரும்பினால் இவை இரண்டும் இருந்தால்தான் முடியும்.

பதிவு செய்யும்போது பீசோக்களோடு அறையின் ஒலியைப் பிடிக்கும் சாதாரண மைக் ஒன்றையும் இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, தனித்தனித் தடங்களில் பதியுங்கள். பீசோ மட்டும் கொடுக்கும் ஒலி உலோகத்துக்குள் காதை வைத்தது போல இருக்கும். அறை ஒலியைக் கலந்தால்தான் இரும்பின் அளவும் தொலைவும் புலப்படும்.

வாசித்து முடித்ததும் முதலில் தகட்டுக்குச் செல்லும் கம்பியைக் கழற்றி, அடுத்துத் தந்திகளை முறுக்கும் பிருடைகளைத் தளர்த்தி, அதன் பிறகே போல்ட்டுகளை எடுங்கள். இறுக்கமான தந்தியிலிருந்து போல்ட்டை உருவினால் தந்தியின் மேற்சுற்று கிழியும். ஒவ்வொரு தந்திக்குரிய பொருள்களையும் தனித்தனிக் காகித உறைகளில் எண்ணிட்டு வையுங்கள், ஏனெனில் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு போல்ட்டுகள் ஒரே ஒலியைத் தருவதில்லை. கிளிப்பின் பல் பட்டு வடு விழுந்த தந்திகளை அடுத்த வாசிப்புக்கு முன் மாற்றிவிடுங்கள்.